அந்த பிஸ்கட்டை எவ்வளவுக்கு விற்பது?

2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வாரம். ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருந்தேன். வார விடுமுறைக்காகச் சுங்கைப்பட்டாணிக்கு வந்தபோது, அப்பா தமது சிறிய மளிகைக் கடையின் கல்லாவில் ஒரு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுளித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் 1ஆம் தேதி நாட்டில் 6 விழுக்காடு பொருள் சேவை வரி, எல்லாரும் சொன்ன ஜி.எஸ்.டி., அமலுக்கு வந்திருந்தது. மொத்த வியாபாரியிடம் 2 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டிருந்த பிஸ்கட் பொட்டலம் இப்போது 2 வெள்ளி 12 காசு. அப்பா அதை 2 வெள்ளி 50 காசுக்கு விற்று வந்தார்.

“நீ இதத்தானேம்மா படிக்கிற? இப்ப நா இத எவ்ளோக்கு விக்கிறது?”

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பில்லைத் திருப்பிப் போட்டுத் தேவைக் கோடு, அளிப்புக் கோடு இரண்டையும் வரைந்தேன். வரி வந்தால் அளிப்புக் கோடு எப்படி மேலே நகரும், வரியின் சுமை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே எப்படிப் பங்கு பிரியும், அது நெகிழ்ச்சியைப் பொறுத்து எப்படி மாறும் என்றெல்லாம் பத்து நிமிடம் விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். சோப்பு வாங்க வந்த ஒரு பையனும் நின்று கேட்டான்.

“சரிம்மா. இப்ப எவ்ளோக்கு விக்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. பொது நிதி பாடத்தில் எனக்கு ‘ஏ’. அப்பா தாமாகவே 2 வெள்ளி 60 காசு என்று எழுதி ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், பதில் நான் வரைந்த படத்தில்தான் இருந்தது. அதை எடுக்கத் தேவையான மூன்று நான்கு விவரங்கள்தாம் என்னிடம் இல்லை. ஆண்டு விற்பனை 500,000 வெள்ளியைத் தாண்டாத கடை ஜி.எஸ்.டி.க்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்யாத கடை வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்க முடியாது. தான் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஆக, அந்த 12 காசு அப்பாவுக்கு வரி அன்று, வெறும் செலவு. அரிசி, சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு வரி பூஜ்யம். பிஸ்கட், சோப்பு, பற்பசைக்கு 6 விழுக்காடு. கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் வேறு இருந்தது. சில்லறை மாற்றும் சிரமத்தால் எங்கள் கடையில் எல்லா விலையும் பத்துக் காசுக் கணக்கில்தான் ஏறும், இறங்கும். கடைசியாக, எந்தப் பொருளின் விலையைப் பெரிய சாலையில் இருந்த பேரங்காடியோடு வாடிக்கையாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதில்லை? நான் மூன்று ஆண்டுகளாக ‘நெகிழ்ச்சி’ என்று எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் எந்தெந்தப் பொருள் என்று அவரால் விரல்விட்டுச் சொல்ல முடியும்.

பன்னிரண்டு எண்கள்

படிப்பு முடிந்து சில மாதங்களில் முதல் நேர்முகத் தேர்வு. ஒரு தனியார் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு. ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் பயனீட்டாளர் விலைக் குறியீடு, பன்னிரண்டு மாதங்களுக்கு. “எங்கள் விற்பனை நிர்வாகி பொருளாதாரம் படித்தவர் அல்லர். அவருக்குப் புரியும்படி அரைப் பக்கம் எழுதுங்கள். இருபது நிமிடம்.”

நான் இரண்டு பக்கம் எழுதினேன். தேவை மிகுதியால் வரும் பணவீக்கம், செலவு மிகுதியால் வரும் பணவீக்கம், மத்திய வங்கியின் பங்கு எல்லாம் இருந்தன. தேர்வில் எழுதியிருந்தால் 25க்கு 20 கிடைத்திருக்கும். தாளைப் படித்த அதிகாரி, குரலை உயர்த்தாமல் ஒன்று கேட்டார்: “இதில் பன்னிரண்டு எண்கள் இருக்கின்றன. நீங்கள் ஏன் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை?”

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஏழு மாதங்கள் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பப் பாரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தேன். அந்த வேலைக்கு எஸ்.பி.எம். போதும். பி.டி.பி.டி.என். கடனை நினைத்தால் தூக்கம் வராது. பட்டமளிப்பு விழாவின்போது உயர்கல்வி அமைச்சு நடத்தும் பட்டதாரிகள் கண்காணிப்பு ஆய்வில் ‘வேலையில் இருக்கிறேன்’ என்ற கட்டத்தைத்தான் நிரப்பினேன். அது பொய்யும் அன்று. உயர்கல்வி பெற்று வேலை செய்வோரில் மூன்றில் ஒருவருக்கும் மேல், தம் தகுதிக்குக் கீழான வேலையில் இருப்பதாகப் புள்ளிவிவரத் துறையின் கணக்கே சொல்கிறது. அந்தக் கணக்கில் நானும் ஓர் ஆளாக இருந்திருக்கிறேன்.

பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது நான் மேசையின் மறுபக்கம் உட்காருகிறேன். எங்கள் பிரிவுக்குப் புதிய பட்டதாரிகளை எடுக்கும்போது அதே போன்ற ஒரு தாளைத்தான் கொடுக்கிறேன். பழிவாங்க என்று நினைத்துவிடாதீர்கள். அதைவிட நல்ல கேள்வி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வருகிறவர்கள் கெட்டிக்காரர்கள். மூன்றாம் ஆண்டுப் பாடத்தை என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் குறியீடு 120இலிருந்து 126க்குப் போனால் ‘6 விழுக்காடு ஏற்றம்’ என்று எழுதுபவர்கள் பலர். அது 5 விழுக்காடு. பணவீக்கம் 4இலிருந்து 2 விழுக்காட்டுக்கு இறங்கினால் ‘விலைகள் குறைந்தன’ என்று எழுதுகிறார்கள். விலைகள் குறையவில்லை, முன்பைவிட மெதுவாக ஏறுகின்றன, அவ்வளவுதான். இந்த இரண்டும் முதலாண்டுப் பாடம். எல்லாரும் படித்ததுதான். வரையறையைக் கேட்டால் அட்சரம் பிசகாமல் சொல்வார்கள். ஒரு தாளைக் கையில் கொடுத்து, ‘இதை ஒருவருக்குச் சொல்லு’ என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

அண்மைக் காலமாக வீட்டுப் பாடமாகக் கேட்டால் வரும் அரைப் பக்கங்கள் மிக அழகாக இருக்கின்றன. எந்தச் செயலி எழுதியது என்று நான் கேட்பதில்லை. “இந்த எண் எங்கிருந்து வந்தது?” என்று மட்டும் கேட்கிறேன். அங்கேயே பலருக்கு நேர்காணல் முடிந்துவிடுகிறது.

அரசியார் கேட்ட கேள்வி

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை இல்லை. 2008 நவம்பரில் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வந்த பிரிட்டிஷ் அரசியார் எலிசபெத், அவ்வளவு பெரிய நிதி நெருக்கடி வருவதை எவரும் ஏன் முன்கூட்டியே கவனிக்கவில்லை என்று அங்கிருந்த பொருளாதார அறிஞர்களைக் கேட்டார். அந்தக் கேள்வி கடைசியில் வகுப்பறைக்குள்ளும் நுழைந்தது. 2012இல் இங்கிலாந்து வங்கியில் நடந்த ஒரு மாநாட்டில், பொருளாதாரப் பட்டதாரிகளை வேலைக்கு எடுப்பவர்களும் பேராசிரியர்களும் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள். வேலை கொடுப்பவர்கள் இன்னும் கடினமான கணிதம் வேண்டும் என்று மன்றாடவில்லை. பொருளாதார வரலாறு தெரிய வேண்டும், தரவைக் கையாளவும் அதன் எல்லையை அறியவும் வேண்டும், பொருளாதாரம் படிக்காதவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் முறையீடு. அந்த உரையாடலை டயான் கோய்ல் நூலாகத் தொகுத்தார்.

மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கி, தங்கள் பாடத்திட்டம் நெருக்கடியைப் பற்றியே பேசாமல் நகர்கிறது என்று 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு முன்னுரை எழுதியவர் இங்கிலாந்து வங்கியின் ஆண்ட்ரூ ஹால்டேன்.

2013இல் தொடங்கிய ‘கோர்’ என்னும் திட்டம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். வெண்டி கார்லின், சாமுவேல் பௌல்ஸ் முதலான பேராசிரியர்கள் பல நாட்டவருடன் சேர்ந்து ‘தி எகானமி’ என்ற பாடநூலை எழுதி இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். தேவைக் கோட்டில் தொடங்கும் நூல் அன்று அது. 14ஆம் நூற்றாண்டில் வங்காளத்துக்கு வந்த பயணி இப்னு பதூத்தா கண்ட செழிப்பில் தொடங்கி, சில நாடுகள் எப்போது பணக்கார நாடுகள் ஆயின, சில ஏன் ஆகவில்லை என்று போகிறது. அதற்குத் துணையாக ‘டூயிங் எகனாமிக்ஸ்’ என்று இன்னொன்று. உண்மைத் தரவை எக்செலிலோ ஆர் மொழியிலோ எடுத்து நாமே கணக்குப் போட்டு எழுதும் பயிற்சிகள். நான் மாணவியாக இருந்த காலத்தில் இது கையில் கிடைத்திருந்தால் அந்த ஏழு மாதம் குறைந்திருக்கும் என்று சில நேரம் நினைப்பதுண்டு.

யார் செலவில்?

ஆனால் ‘நிறுவனங்கள் கேட்பதைப் பல்கலைக்கழகம் கற்றுக் கொடுக்கட்டும்’ என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இதை ஒருமுறை என் பழைய விரிவுரையாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “நான் படித்த காலத்தில் நிறுவனங்கள் என்ன கேட்டன தெரியுமா? லோட்டஸ் 1-2-3. அதைப் பாடமாக வைத்திருந்தால் உனக்கு என்ன கிடைத்திருக்கும்?”

இளைய வாசகர்களுக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. எக்செலுக்கு முன்பு கோலோச்சிய கணக்கு விரிதாள் மென்பொருள் அது. இன்று விளம்பரங்களில் கேட்கும் மென்பொருள்களுக்கும் நாளை அதே கதிதான்.

தவிரவும், நிறுவனங்களின் முறையீட்டையே பொருளாதாரக் கண்ணால் பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் 1964இல் மனித மூலதனம் பற்றி எழுதிய நூலில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே பயன்படும் பயிற்சி ஒன்று. எங்கு போனாலும் பயன்படும் பயிற்சி மற்றொன்று. இரண்டாவதற்கு நிறுவனம் காசு செலவழிக்கத் தயங்கும், ஏனென்றால் கற்றுக்கொண்ட ஆள் நாளைக்கே போட்டி நிறுவனத்துக்குப் போய்விடலாம். எழுதத் தெரிவதும் தரவு பார்க்கத் தெரிவதும் இந்த இரண்டாம் வகை. அதனால்தான் ‘பட்டதாரிகளுக்குத் திறன் போதவில்லை’ என்று நிறுவனங்கள் ஊடகத்தில் பேசுகின்றன. அதில் உண்மை உண்டு. பயிற்சிச் செலவைப் பல்கலைக்கழகத்தின் தலையிலும் மாணவர் தலையிலும் கட்டிவிடும் ஆசையும் உண்டு. என் நிறுவனமும் இதற்கு விலக்கு இல்லை. இரண்டு வாரப் பயிற்சிக்குப் பணம் கேட்டு நான் அனுப்பிய கடிதங்கள் எத்தனையோ!

பெக்கருக்கு நேர் எதிராக 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் இன்னொன்றைச் சொன்னார்: பட்டம் எதையும் கற்றுத் தராவிட்டாலும், ‘இவர் திறமைசாலி’ என்று வேலை கொடுப்பவருக்குக் காட்டும் அடையாளமாக அது செயல்படலாம். சி.ஜி.பி.ஏ. மட்டும் போதும் என்று படிக்கிற மாணவர் தெரிந்தோ தெரியாமலோ ஸ்பென்ஸ் கட்சியில் சேர்ந்துவிடுகிறார். நேர்முகத் தேர்வில் ஒரு தாளைக் கொடுத்து இருபது நிமிடம் எழுதச் சொல்லும் நான், அந்த அடையாளத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறேன்.

ஆக, என் கட்சி இதுதான். கோட்பாட்டைக் குறைக்க வேண்டாம். அன்று அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல உதவியிருக்கக்கூடியது கோட்பாடு மட்டுமே. ஆனால் தேர்வுத் தாள் முடிகிற இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. படத்தை வரைந்து பெயர் எழுதியதும் தேர்வில் முழு மதிப்பெண். அலுவலகத்தில் அந்தப் படத்தை யாரும் கேட்பதில்லை. ‘அதனால் என்ன செய்வது, எவ்வளவு, உனக்கு எப்படித் தெரியும்’ என்றுதான் கேட்கிறார்கள்.

ஓர் உதாரணம். 2016இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. 2019இல் 5.6 விழுக்காடு, அதாவது 405,441 குடும்பங்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் கொடுத்தால் ‘மூன்றே ஆண்டில் வறுமை பதினான்கு மடங்கு’ என்று எழுதத் தோன்றும். ஒருவர் என் முன்னாலேயே எழுதினார். நடந்தது வேறு. 2020 ஜூலையில் வறுமைக் கோட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறை மாறியது. குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளியாக இருந்த கோடு 2,208 வெள்ளிக்கு உயர்ந்தது. உயிர் வாழப் போதுமான உணவு என்ற பழைய அளவுக்குப் பதிலாகச் சத்தான உணவு என்ற அளவு வந்தது. புதிய முறையில் 2016ஐயும் கணக்கிட்டால் 7.6 விழுக்காடு. அப்படியானால் 2016க்கும் 2019க்கும் இடையே வறுமை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. அதே நேரத்தில், முன்பு 0.4 என்று சொல்லி நிம்மதியாக இருந்தோமே, அந்த நிம்மதிக்கு எவ்வளவு ஆதாரம் இருந்தது என்ற கேள்வியும் எழுகிறது. வறுமைக் கோட்டின் வரையறையைப் பாடத்தில் நானும் மனப்பாடம் செய்தேன். இந்தக் கதையை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் வரையறையை மனப்பாடம் செய்யவே தேவையிருந்திருக்காது.

என் விரிவுரையாளர் சிரித்ததோடு நிற்கவில்லை. தம் பாடத்தில் ஒரு கட்டுரைக் கேள்வியை எடுத்துவிட்டு, மாணவர்கள் வட்டாரத்துச் சந்தையில் ஒரு பொருளின் விலையை ஆறு வாரம் பின்தொடர்ந்து, கடைக்காரருக்கே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார். திருத்துவது பெரும்பாடு என்றார். எண்பது மாணவர், எண்பது வெவ்வேறு பதில். விடைத்தாள் திட்டம் என்று ஒன்று எழுதவே முடியாது. பாடத்திட்டம் மாறாததற்கு இப்படி எளிய காரணங்களும் உண்டு. அதை நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை

உங்கள் பல்கலைக்கழகம் எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள். ஆறாம் படிவத்தில் பொருளாதாரம் எடுத்தவர்கள்கூட இன்றிரவே தொடங்கலாம். புள்ளிவிவரத் துறையின் ‘ஓப்பன் டோசம்’ தளத்தில் விலைக் குறியீடு, வேலையின்மை, வருமானம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்நாட்டு வாணிப அமைச்சின் ‘பிரைஸ்கேட்சர்’ திட்டத்தில் அதிகாரிகள் சந்தைகளிலும் பேரங்காடிகளிலும் திரட்டும் விலைகளையும் இணையத்தில் பதிவிறக்கலாம். உங்கள் ஊரில் கோழி என்ன விலை, பக்கத்து ஊரில் என்ன விலை, ஏன் வேறுபடுகிறது? அரைப் பக்கம் எழுதுங்கள். வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். அவர்கள் நடுவில் எழுந்து போனால், எந்த வாக்கியத்தில் எழுந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பெரும்பாலும் அதை நாம் குறையாகவே நினைக்கிறோம். என் அலுவலகத்தில் அறிக்கை ஆங்கிலத்தில், அரசாங்கத் துறையோடு கூட்டம் மலாயில், வீட்டுக்கு வந்தால் தமிழ். ஒரே கருத்தை மூன்று மொழியில் சொல்ல வேண்டியிருக்கும்போது கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. ‘நெகிழ்ச்சி’ என்று அப்பாவிடம் சொன்னால் அவர் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொள்வார்.

2018 ஜூன் 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. பூஜ்யமாக்கப்பட்டது. முந்தைய வாரமே அப்பாவிடமிருந்து தொலைபேசி. “மறுபடியும் மாத்துறாங்களாம். இப்ப வெலய கொறைக்கணுமா?”

இந்த முறை நான் படம் வரையவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போய் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் நாற்பது பொருள்களைப் பட்டியல் போட்டோம். எது 2015இல் வரியால் ஏறியது, எது தானாக ஏறியது, எந்தப் பில் எந்தத் தேதியுடையது. மே மாதம் வரி கட்டி வாங்கிய சரக்குக்கு அந்த வரி திரும்ப வராது. ஆகவே அது தீரும்வரை பழைய விலை, புதிய சரக்குக்குப் புதிய விலை. மூன்று மணி நேரம் ஆனது. அப்பா நடுவில் என்னை இரண்டு முறை திருத்தினார். இரண்டு முறையும் அவர் சொன்னதுதான் சரி.

பிஸ்கட் பழைய சரக்கு புதன்கிழமை தீர்ந்தது. வியாழக்கிழமை 2 வெள்ளி 60 காசு அட்டையை எடுத்துவிட்டு 2 வெள்ளி 50 காசு என்று ஒட்டினார். வழக்கமாக வரும் ஓர் அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

“ஏண்ணே, தேதி முடிஞ்சிருச்சா?”